அலுவலகம் செல்லும் சைக்கிள்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து டில்லி, புனே, ஜாம்ஷெட்பூர், ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர் பலருக்குப் புதிய ஊரில் முதன்முதலாக அமையும் வாகனம் சைக்கிளே. நூல்களில் மிதிவண்டி என்று எழுதுகிறோம். நம் முன்னோர் துவிசக்கர வண்டி என்று எழுதினார்கள். ஆயினும் நாவுக்கு இசைந்த பெயர் சைக்கிள் என்பதேயாதலின், இங்கும் அப்பெயரையே கையாளுவோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. உழவும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளைச் செய்வோருள் சுமார் 13 சதவீதத்தினர் சைக்கிளிலேயே வேலைக்குச் சென்றனர். ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றோர் தொகை அப்போது இதனினும் சற்றுக் குறைவு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இவ்வாறு நாள்தோறும் நம்மைச் சுமக்கும் வண்டியை நாம் எப்படி வாங்குகிறோம்? கடையில் வரிசையாக நிற்பனவற்றுள் நிறம் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். காற்றடித்துத் தரச் சொல்கிறோம். ஏறி அமர்ந்து வீடு வந்து சேர்கிறோம். அவ்வண்டி எல்லோருக்கும் ஏற்றதாகச் செய்யப்பட்டது. ஆதலால் எவருக்கும் முழுமையாகப் பொருந்தாதது. ஆயத்தச் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துத் தோளும் கையும் சரிபார்த்துக்கொள்வது போல, சைக்கிளையும் நம் உடலுக்கும் நாம் செல்லும் சாலைக்கும் ஏற்பச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். பெருஞ்செலவின்றி அதனைச் செய்துகொள்ளும் வழிகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செப்பனிடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலாவது, வண்டி நம் உடலுக்குப் பொருந்துதல். இரண்டாவது, நினைத்த இடத்தில் நிற்றல். மூன்றாவது, பிறர் கண்ணுக்குப் புலப்படுதல். நான்காவது, எளிதாக ஓடுதல். வேகம் இவை எல்லாவற்றுக்கும் பிற்பட்டது. இவ்வரிசையை மாற்றிச் செலவு செய்வோர் பணத்தை மட்டுமன்றிச் சில வேளைகளில் உடல்நலத்தையும் இழக்க நேரிடும்.

பழைய வண்டியின் பெருமை

கறுப்பு நிறமும் இரட்டைச் சக்கரத் தாங்கியும் கனத்த கேரியரும் கொண்ட நம் நாட்டுச் சைக்கிள், ஆங்கில நாட்டு ரோட்ஸ்டர் வண்டியின் வழிவந்தது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தோன்றியபோது, யாவும் பெரும்பாலும் அதே அளவுகளைப் பின்பற்றின. இதன் பயன் பெரிது. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆயினும் அந்த வண்டியை வைத்திருப்போர் கவலையுற வேண்டியதில்லை. லூதியானாவின் சிறு தொழிலகங்கள் செய்யும் அச்சும் குண்டுகளும் சங்கிலியும் அதற்குப் பொருந்திவிடும். டில்லியில் கரோல்பாக்கை அடுத்த ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் ஒரு மணி நேரம் சுற்றினால், ஒரு வண்டிக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தையும் தனித்தனியே வாங்கிவிடலாம். பழைய வண்டியைக் கழித்துவிடும் முன், அதனைச் செப்பனிட ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

உடலுக்கேற்ற அளவு

இதற்குச் செலவில்லை, ஒரு திறப்பான் போதும். வண்டியைச் சுவரில் சாய்த்து ஏறி அமர்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருத்தல் வேண்டும். பின்னர் வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். அதுவே தக்க உயரம். நம்மவரில் பலர், நிற்கும்போது இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதியவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்திவிடுகின்றனர். அதன் விளைவு, சில மாதங்களில் தோன்றும் முழங்கால் வலி. சீட்டை உயர்த்தும்போது அதன் கம்பத்தில் இரண்டரை அங்குலமேனும் சட்டத்தினுள் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பளுவில் முறியும்.

சட்டமே உயரமாக இருப்பின் சீட்டைத் தாழ்த்துவதால் பயனில்லை. குறுக்குக் குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், உடலுக்கும் குழாய்க்கும் இடையே ஓரிரு அங்குல இடைவெளி வேண்டும். சேலை உடுத்திச் செல்லும் பெண்களுக்குக் குறுக்குக் குழாய் இல்லாத சட்டமும், முழுமையான சங்கிலி மூடியும், பின்சக்கரத்தின் இருபுறமும் வலைக் காப்பும் இன்றியமையாதன. ஆயினும் இதனை விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகியபோது, குழாயின்மீது குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதற்காக ஆண்கள் சைக்கிளையே விரும்பியவர்களும் உண்டு. அவரவர் தேவையே அளவுகோல்.

நிற்கும் ஆற்றல்

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் நான்கு மீட்டருக்குச் சற்று மேல் கடந்துவிடுகிறது. கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கும் முன்பே அவ்வளவு தொலைவு போய்விடும். அதன்பின் நிற்பது பிரேக்கின் பொறுப்பு.

நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் மேலே இழுக்க, ரப்பர்க் கட்டைகள் சக்கர விளிம்பின் உட்புறத்தை அழுத்துகின்றன. உலர்ந்த நாளில் இது போதுமானதே. மழையில் நிலைமை வேறு. முலாம் பூசிய இரும்பு விளிம்பில் நீர் படிந்தவுடன் ரப்பரின் பிடி வழுக்குகிறது. வண்டி நிற்கும் தொலைவு பல மடங்காகிறது. இது இரும்பின் இயல்பு; எத்துணை வலிமையுடன் பிடித்தாலும் மாறாது.

இதற்கு மூன்று நிலைகளில் தீர்வு உண்டு. முதல் நிலை, உள்ளதைச் சரிசெய்தல். தேய்ந்த ரப்பர்களை மாற்றி, கம்பிகளின் மூட்டுகளுக்கு எண்ணெயிட்டு, சக்கரம் கோணலின்றிச் சுழலுமாறு ஆரக்கம்பிகளை முறுக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஒரு துளியும் விளிம்பில் படலாகாது. இரண்டாம் நிலை, விளிம்பின் இரு பக்கங்களையும் கவ்விப் பிடிக்கும் ஒயர் பிரேக்குக்கு மாறுதல். கம்பி பிரேக்குக்கென அமைந்த பழைய இரும்பு விளிம்பின் பக்கங்கள் வளைந்திருப்பதால், பிரேக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. தட்டையான பக்கங்களையுடைய அலுமினிய விளிம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அலுமினியம் மழையிலும் இரும்பைவிட நன்கு பிடிக்கும், எடையும் குறையும். மூன்றாம் நிலை, சக்கரக் குடத்தின் உள்ளேயே அமைந்த டிரம் பிரேக். நீரும் சேறும் உட்புகாமையால் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. ஆனால் எடையும் விலையும் மிகுதி.

எல்லாவற்றையும் மாற்ற இயலாதவர் முன்சக்கரத்தை மட்டுமேனும் மாற்றுக. பிரேக் பிடிக்கும்போது உடற்பாரம் முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. முன்பிரேக் கவிழ்த்துவிடும் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் பிடிப்பவர், உள்ள ஆற்றலில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழகவேண்டும். மழையில் சந்திப்பை நெருங்கும் முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு விளிம்பின் நீரைத் துடைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

பிறர் கண்ணுக்குப் புலப்படுதல்

வட இந்தியாவில் டிசம்பர் இறுதியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். காலை எட்டு மணிக்கும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாட்கள் உண்டு. தென்னாட்டிலிருந்து புதிதாக வந்தவர் இதனை முன்னறிந்திருக்க மாட்டார். இப்பருவத்தில் சைக்கிள் விளக்கின் முதற்பயன் நாம் வழியைக் காண்பதன்று. பிறர் நம்மைக் காண்பது.

முன்னாளில் டயரை உரசிச் சுழலும் டைனமோ இருந்தது. 6 வோல்ட், 3 வாட் ஆற்றல். முன்விளக்கும் சிறிய பின்விளக்கும் அதற்குள் அடங்கும். ஆனால் வண்டி நின்றால் விளக்கும் அணையும். நாற்சந்தியில் நடுவே நிற்கும்போதுதான் விளக்கு மிகத் தேவை என்பதை எண்ணினால் இக்குறை சிறிதன்று. இன்று கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் சிறு மின்கலத்திலேயே நெடுநேரம் எரிகின்றன, நின்றாலும் அணைவதில்லை. பின்புறச் சிவப்பு விளக்கு ஒன்றே வாங்க வசதியுள்ளவர் அதனையே முதலில் வாங்குக. ஏனெனில் பின்னால் வருவதை நாம் காண இயலாது. முன்விளக்கைக் கைப்பிடியின் உயரத்தில் வைத்தால் பனியில் ஒளி சிதறி நம் கண்ணையே கூச வைக்கும். முன்கவையின் அருகில் தாழ்வாகப் பொருத்துவது நலம்.

விளக்குடன் ஒளித்திருப்பிகளும் வேண்டும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பெடல்களில் மஞ்சள். பெடலில் உள்ளவை மேலும் கீழும் அசைவதால், செல்வது சைக்கிள் என்பதை ஓட்டுநர் தொலைவிலேயே உணர்ந்துகொள்வார். மின்கலம் தீர்ந்த நாளிலும் ஒளித்திருப்பி தன் கடமையைச் செய்யும்.

பல்லும் சங்கிலியும்

நம் வண்டிகளில் முன்சக்கரப் பல் 44, பின்னுள்ள பிரீவீலின் பல் 18 என்பது பரவலான அமைப்பு. 28 அங்குலச் சக்கரத்தில், பெடல் ஒரு முறை முழுமையாகச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். சமதளத்தில் இது சுகமே. புனேயிலோ ஐதராபாத்திலோ மேட்டில் ஏறும்போதும், கேரியரில் சுமை வைத்து எதிர்காற்றில் செல்லும்போதும் இதுவே சுமையாகிவிடும்.

தீர்வு மிக எளிது. 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் உடையதைப் பூட்டுக. ஒரு சுற்றுக்குச் செல்லும் தொலைவு 4.9 மீட்டராகக் குறையும். மிதிக்கும் விசையும் பத்தில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கு 60 முறை மிதிப்பவர் 8 கிலோமீட்டர் செல்ல முன்னர் 24 நிமிடம் ஆயின், இனி 27 நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தைக் கொடுத்து வியர்வையற்ற சட்டையை வாங்கிக்கொள்கிறோம். அலுவலகம் செல்வோருக்கு இது நல்ல வாணிகமே. மேடு மிகுந்த ஊரில் 22 பல்லும் பூட்டலாம். பல் கூடும்போது சங்கிலியின் நீளமும், அது மூடியில் உராய்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

சங்கிலி தேய்வதை அளவுகோல் காட்டிவிடும். 24 கண்ணிகள் புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலம் நீளும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு மிகுந்துவிட்டால் பற்சக்கரங்களும் அதனுடன் தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். சிறு செலவைத் தள்ளிப்போட்டுப் பெருஞ்செலவை வரவழைத்துக்கொள்வது இதுதான்.

டயரின் எண்

மலைச்சாலை வண்டியின் சாயலில், பருத்த கட்டை கட்டையான டயர்களுடன் வரும் சைக்கிள்களை இன்று இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். தார்ச்சாலையில் அக்கட்டைகள் ஒலி எழுப்பி உழைப்பை வீணாக்குவதன்றி வேறு பயன் தருவதில்லை. வழுவழுப்பான டயரை மாற்றிய அன்றே வண்டி இலகுவானதை உணரலாம்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 26 அங்குலம் என்ற பெயரில் விற்பன யாவும் ஒரே அளவினவல்ல. டயரின் பக்கவாட்டில் 37-590 என்றோ 50-559 என்றோ எண் பொறித்திருக்கும். இரண்டாவது எண், விளிம்பில் டயர் அமரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டுக்கும் கடைக்காரர் சொல்லும் பெயர் 26 தான். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அவ்வாறே நம் பழைய 28 அங்குல வண்டியின் எண் 635. கியர் வைத்த புதுவகை வண்டிகள் பலவற்றில் காணும் எண் 622. பழைய டயரின் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது அலைச்சலைத் தவிர்க்கும். காற்றின் அளவும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல் விழுவதால் அதற்குச் சற்று மிகுதியாக அடிக்க வேண்டும்.

மின்விசை சேர்ப்போருக்கு

சாதாரணச் சைக்கிளிலேயே சக்கரக் குடத்தில் சிறு மோட்டாரைப் பூட்டி, மின்கலத்தால் ஓட்டும் வசதி இப்போது கிடைக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் செல்ல வேண்டியவருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் இது வரப்பிரசாதம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால், மிதிக்கும்போது மட்டும் உதவும் இத்தகைய வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அவ்விதியே கூறும் பிற நிபந்தனைகளையும் நோக்குக: தக்க பிரேக்குகள், முன்னே ஒரு வெள்ளை ஒளித்திருப்பி, பின்னே ஒரு சிவப்பு ஒளித்திருப்பி. நாம் மேலே கூறிய வரிசையைச் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொள்கிறது எனலாம்.

வேகம் 15-லிருந்து 25 ஆனால், நிறுத்தவேண்டிய ஆற்றல் அதே விகிதத்தில் உயர்வதில்லை. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. மோட்டாரும் மின்கலமும் சேர்க்கும் எடை வேறு. எனக்குத் தெரிந்த அலுவலர் ஒருவர், கம்பி பிரேக் வைத்த பழைய வண்டியில் மோட்டாரைப் பூட்டிக்கொண்டார். கோடை முழுவதும் மகிழ்ச்சியுடன் வந்துபோனார். ஜூலை முதல் மழையில், சந்திப்பில் நின்றிருந்த ஆட்டோ ரிக்‌ஷாவின் பின்புறத்தில் மோதித் தோள் எலும்பு முறிந்து ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். மோட்டார் பழுதில்லாமல் ஓடியது. பிரேக்கும் தன்னால் இயன்றதைச் செய்தது. பின்னது முன்னதாகவும் முன்னது பின்னதாகவும் ஆனதே குறை.

பழுது பார்ப்பவரிடம் பேசும் மொழி

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு தடை, உறுப்புகளின் பெயர். மரத்தடியில் காற்றுப் பம்புடன் அமர்ந்திருக்கும் தொழிலாளி திறமை மிக்கவர். ஆனால் நாம் சொல்வது அவருக்கும், அவர் சொல்வது நமக்கும் விளங்க வேண்டுமே! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்களில் தனி ஆர்வம் உண்டு.

இந்தி வழங்கும் ஊர்களில் காற்று ஹவா, ஆரக்கம்பி தீலி, முன்கவை சிம்டா, அதாவது இடுக்கி, அச்சிலுள்ள இரும்புக் குண்டுகள் சர்ரே. சீட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் கத்தி என்றே வரும். அஞ்சற்க, மெத்தை என்பதே அதன் பொருள். பெடல் வெறுமனே சுற்றி வண்டி நகராதபோது, குத்தா ஃபெயில் என்பார். குத்தா என்பது நாய். பிரீவீலினுள் பல்லைக் கவ்விப் பிடிக்கும் சிறு நாக்குகளுக்கு அங்கே அப்பெயர். கவ்வ மறந்த நாயால் யாது பயன்? உயரம் போதாத சிறுவர் குழாயின் கீழே காலை நுழைத்து ஓட்டுவதை நாம் குரங்குப் பெடல் என்கிறோம்; அவர்கள் கைஞ்சி, அதாவது கத்தரிக்கோல் என்கின்றனர். நாம் ஓட்டுபவனைப் பார்த்துப் பெயரிட்டோம். அவர்கள் கால்களின் தோற்றத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

இச்சொற்கள் தெரிந்தால், "ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும் கூறி வண்டியை ஒப்படைத்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. எது பழுது, எதை மாற்ற வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். மாற்றப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொருமுறை அச்சுகளைப் பிரித்து, பழைய மசகைத் துடைத்துப் புதிது இட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பிரேக் ரப்பரையும் சங்கிலியையும் நோக்குங்கள். நாள்தோறும் புறப்படுமுன் இரு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்தி, இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடம் போதும். புதிதாக ஏதேனும் வாங்கிப் பூட்ட எண்ணினால், அது நம்மை நிறுத்துமா, பிறருக்கு நம்மைக் காட்டுமா, அன்றி விரைவாக மட்டும் கொண்டுசெல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் வீட்டுக்குத் திரும்பி வருவதற்கான செலவு. அவற்றை முதலில் செய்வோமாக.